வண்டியின் கதை வேறு, வீட்டின் கதை வேறு

(பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வாகனங்கள் பற்றிப் பேசுவதற்காகத் தோட்ட வாசகசாலையில் கூடிய பெற்றோர் கூட்டத்தில், நமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



ஞாயிற்றுக்கிழமை என்றால் உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். விறகு பொறுக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நான் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நமது மூன்று டிவிசன்களிலும் இருந்து நிறையப் பிள்ளைகள் டவுன் பாடசாலைக்கு வேனிலும் ஆட்டோவிலும் போகிறார்கள். சில தாய்மார் வேன்காரத் தம்பியிடம், "தம்பி, வண்டிய சோதிச்ச தாள காட்டுங்க, பாத்துக்கிறோம்" என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு அவர், "அது என்னோட சொந்த விஷயம் அக்கா, அதையெல்லாம் ஊருக்குக் காட்ட முடியாது" என்று சொல்லியிருக்கிறார். பேச்சு கொஞ்சம் தடித்துவிட்டது. இரண்டு தரப்பும் என்னிடம் வந்தார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் ஒருவரை மட்டும் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லி அனுப்பாமல், எல்லோருக்கும் பொதுவாகப் பேசுவோம் என்று இந்தக் கூட்டத்தை வைத்தோம்.

கேள்வி இதுதான். ஒரு வாகனத்தைச் சோதித்த பதிவுகளைப் பொதுமக்கள் பார்க்கலாமா? அல்லது அது வாகனச் சொந்தக்காரரின் அந்தரங்கமா?

எந்தத் தாள் எதைச் சொல்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம்மில் பலர் "சோதிச்ச தாள்" என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்கிறோம். உண்மையில் வாகனக்காரரிடம் பலவிதமான தாள்கள் இருக்கும்.

ஒன்று, வருமான அனுமதிப்பத்திரம். வருஷா வருஷம் பிரதேச செயலகத்தில் எடுப்பது. முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். வரி கட்டியாகிவிட்டது, இந்தத் திகதி வரை றோட்டில் ஓடலாம் என்பது அதன் அர்த்தம். அடுத்தது இன்சூரன்ஸ் தாள். விபத்து நடந்த பிறகு நட்டஈட்டுக்கு உதவுவது அது. விபத்தைத் தடுக்கிற தாள் அல்ல.

மூன்றாவது புகைப் பரிசோதனைச் சான்றிதழ். 2008ஆம் ஆண்டு தொடங்கி இந்த நாட்டில் நடைமுறைக்கு வந்தது. இதைத்தான் நிறையப் பேர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். "வண்டிய டெஸ்ட் பண்ணியாச்சு, பாஸ்" என்று வாகனக்காரர் சொன்னால், பெரும்பாலும் அவர் சொல்வது இதைத்தான். ஆனால் இந்தச் சோதனை பார்ப்பது புகையை மட்டும். டீசல் வண்டி என்றால் புகை எவ்வளவு கறுப்பு என்று பார்ப்பார்கள். பெட்ரோல் வண்டி என்றால் அதில் வரும் நச்சு வாயு எவ்வளவு என்று பார்ப்பார்கள். பிரேக் பிடிக்கிறதா, ஸ்டியரிங் ஆடுகிறதா, டயர் தேய்ந்துவிட்டதா, கதவு சரியாகப் பூட்டுகிறதா என்பதற்கும் இந்தத் தாளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. புகை சுத்தமாக வருகிற வண்டிக்கும் பிரேக் போகும்.

நான்காவது, தகுதிச் சான்றிதழ். பஸ், லொறி போன்ற வாகனங்களுக்கு இது வேண்டும். வண்டியின் உடம்பு, பிரேக், டயர், விளக்கு எல்லாம் ஓட்டத் தகுதியாக இருக்கின்றனவா என்று பார்த்துக் கொடுப்பது இதுதான். எந்த வகை வண்டிக்கு எந்தத் தாள் கட்டாயம் என்பதை, வருமான அனுமதிப்பத்திரம் கொடுக்கும் பிரதேச செயலகத்தில் கேட்டாலே சொல்வார்கள்.

ஆகவே தாய்மார் கேட்டது என்ன? கண்ணாடியில் ஒட்டியிருக்கிற தாளை அல்ல. அதை நாமே பார்த்துக்கொள்ளலாம். புகைத் தாளும் அல்ல. "இந்த வண்டியின் பிரேக்கைக் கடைசியாக யார் பார்த்தார், எப்போது பார்த்தார், என்ன குறை கண்டார், அந்தக் குறையைத் திருத்தியாகிவிட்டதா?" இதுதான் கேள்வி. கேள்வியைச் சரியாகக் கேட்டால் பாதிச் சண்டை அப்போதே தீர்ந்துவிடும்.

ஏன் பார்க்க வேண்டும்?

நாம் இருப்பது மலை. நம்முடைய றோட்டில் நேராகப் போகும் இடம் கொஞ்சம், வளைவும் இறக்கமும்தான் அதிகம். கீழ்நாட்டில் பிரேக் கொஞ்சம் குறைவாக இருக்கும் வண்டி ஒப்பேற்றிக்கொண்டு ஓடிவிடும். இங்கே அப்படி ஓட முடியாது. நீண்ட இறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகிப் பிடிமானம் குறையும். அதனால்தான் அனுபவமுள்ள சாரதிமார் இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்து, என்ஜினாலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். தேய்ந்துபோன பிரேக்கும், அவசரமும், ஏற்றிய பாரமும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2021 மார்ச் மாதம் பசறையில் பஸ் பள்ளத்தில் விழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லை பாதையில் பாடசாலைப் பிள்ளைகள் வந்த பஸ் ஒரு வேனோடும் ஆட்டோவோடும் மோதி, 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லையில் பஸ் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் போனார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய பாதையில் சுற்றுலா வந்த பஸ் விழுந்து 15 பேர் இறந்தார்கள்.

இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம். அதை விசாரிப்பது விசாரிக்க வேண்டியவர்களின் வேலை. நான் சொல்ல வருவது வேறு. இப்படி ஒன்று நடந்தவுடன் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "வண்டி நல்ல நிலையில் இருந்ததா? யார் சோதித்தது?" என்பதுதான். பேப்பரில் கேட்கிறார்கள், பாராளுமன்றத்தில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை ஏறுவதற்கு முன்பு கேட்டால் "சொந்த விஷயம்" என்கிறோம், விழுந்த பிறகு கேட்டால் "பொது விஷயம்" என்கிறோம். இது சரியா? செத்த பிறகு பார்க்கக்கூடிய தாளை உயிரோடு இருக்கும்போது பார்க்கக் கூடாதா?

இன்னொரு காரணமும் உண்டு. அது பணத்தைப் பற்றியது. நம்முடைய ஆட்கள் முப்பது வருஷம், முப்பத்தைந்து வருஷம் மலையில் உழைத்துவிட்டு, சேமலாப நிதிப் பணமும் சேவைக்காலப் பணமும் கைக்கு வந்தவுடன் மகனுக்கு ஒரு பழைய ஆட்டோ வாங்கிக் கொடுக்கிறார்கள். வேறொரு தோட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் அப்படி வாங்கினார். வெளியே புதுப் பெயின்ட், புது சீட் கவர், பாட்டுப் பெட்டி எல்லாம் இருந்தது. இரண்டு மாதத்தில் பாஸுக்கு விட்டபோதுதான் தெரிந்தது, அடியில் சேஸ் கறள் பிடித்து, உடைந்து, ஒட்டு வைத்து மறைத்திருக்கிறார்கள் என்று. வித்தவர் அது தெரிந்துதான் வித்திருக்கிறார். முன்பு அதைத் திருத்திய பாஸ்காரருக்கும் தெரியும். வாங்கிய மனுஷனுக்கு மட்டும் தெரியாது. ஒரு ஆயுள் உழைப்பு அந்தக் கறளோடு போயிற்று. அந்த வண்டியின் பழைய கதையை யாராவது ஒருவர் பார்க்கக்கூடிய இடத்தில் எழுதி வைத்திருந்தால் அந்தப் பணம் போயிருக்காது.

மூன்றாவதாக ஒன்று சொல்கிறேன். இதை நன்றாகக் கேளுங்கள். சோதிக்காமலே சான்றிதழ் எடுப்பது பற்றி நாட்டில் எல்லோரும் பேசுகிறார்கள். யார், எங்கே என்று நான் சொல்லவில்லை, என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அப்படி நடந்தால் அதை யார் கண்டுபிடிக்க முடியும்? கொழும்பில் இருக்கும் பெரிய அதிகாரியால் முடியாது. அவரிடம் இருப்பது தாள் மட்டும். உங்களால் முடியும். "பதினைந்தாம் திகதி டவுனில் சோதித்தது" என்று தாளில் இருந்தால், "பதினைந்தாம் திகதி இந்த வண்டி காலையிலிருந்து பொழுது சாயும் வரை கல்யாண வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு நம்ம டிவிசனில்தானே நின்றது" என்று சொல்லக்கூடியவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். பதிவைப் பொதுமக்கள் பார்க்க முடியும் என்றால் பொய்ப் பதிவு எழுத ஆட்கள் பயப்படுவார்கள். பூட்டி வைத்த புத்தகத்தில் எதையும் எழுதலாம்.

ஏன் மறைக்க வேண்டும்?

இப்போது வேன்காரத் தம்பியின் பக்கத்துக்கு வருவோம். அவரும் நம்முடைய லயத்துப் பிள்ளைதான். அவர் மறைப்பது எல்லாம் கெட்ட எண்ணத்தில் அல்ல.

உங்களில் யாருக்காவது உங்கள் சம்பளத் துண்டை இந்த வாசகசாலைப் பலகையில் ஒட்டினால் சம்மதமா? எத்தனை நாள் வேலை, எவ்வளவு கைக்காசு, கடைக் கடன் எவ்வளவு பிடித்தது, நகைக் கடன் எவ்வளவு என்று எல்லோரும் வாசிக்கலாம் என்றால்? ஒருவரும் சம்மதிக்க மாட்டீர்கள். லயத்து வாழ்க்கையில் அந்தரங்கம் என்பதே அபூர்வம். ஒரு காம்பராவில் இருமினால் ஆறாவது காம்பராவுக்குக் கேட்கும். அப்படி இருக்கிற நமக்கு, இருக்கிற கொஞ்ச மறைவும் எவ்வளவு பெறுமதி என்று நன்றாகவே தெரியும்.

வாகனத் தாள்களில் பிரேக்கின் நிலை மட்டும் இல்லை. சொந்தக்காரரின் பெயர் இருக்கிறது, விலாசம் இருக்கிறது. லீசிங்கில் எடுத்தது என்றால் எந்தக் கம்பனிக்குக் கடன் என்பதும் வரும். சாரதியின் அனுமதிப்பத்திரத்தில் அடையாள அட்டை இலக்கம் இருக்கிறது, பிறந்த திகதி இருக்கிறது. நம் இளைஞர்கள் பெரும்பாலும் லீசிங்கில்தான் வண்டி எடுக்கிறார்கள். இரண்டு மாதக் கட்டணம் பிந்தினால் அது அவருக்கும் கம்பனிக்கும் இடையில் உள்ள விஷயம். அது ஊர்ப்பேச்சானால், அடுத்த மாதம் பிள்ளைகளை ஏற்ற ஆள் கிடைக்காது, கட்டணம் இன்னும் பிந்தும், வண்டியே போய்விடும். போட்டிக்கு வண்டி ஓட்டுகிறவர் அதையே பிடித்துக்கொண்டு பேசுவார்.

விலாசம் என்பதும் சாதாரண விஷயம் அல்ல. அமெரிக்காவில் 1989ஆம் ஆண்டு ஒரு இளம் நடிகையை ஒருவன் அவருடைய வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றான். அந்த வீட்டு விலாசம் அவனுக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? ஒரு தனியார் துப்பறிவாளர் மூலம், கலிபோர்னியா மாநில மோட்டார் வாகனத் திணைக்களத்தின் பதிவிலிருந்து. அந்தக் காலத்தில் அங்கே அப்படிக் கேட்டு வாங்க முடிந்தது. நம் ஊரிலும் யோசித்துப் பாருங்கள். புருஷன் கொடுமை தாங்காமல் வேறு தோட்டத்தில் போய் ஒதுங்கியிருக்கும் ஒரு பெண்ணின் பெயரில் ஒரு ஸ்கூட்டர் இருக்கலாம். அந்த எண்ணைச் சொன்னவுடன் விலாசம் கிடைக்குமானால், அவளுடைய உயிருக்கு யார் பொறுப்பு?

ஆகவே "எல்லாத்தையும் காட்டு" என்று தாய்மார் சொன்னாலும் சரியில்லை. "ஒண்ணையும் காட்ட மாட்டேன்" என்று தம்பி சொன்னாலும் சரியில்லை. நடுவில் ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோட்டை எங்கே போடுவது?

மற்ற நாடுகளில் போட்ட கோடு

அமெரிக்காவில் அந்தக் கொலை நடந்து ஐந்து வருஷத்துக்குப் பிறகு, 1994இல், ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வாகனப் பதிவில் உள்ள பெயர், விலாசம், தொலைபேசி போன்றவற்றைக் கேட்பவருக்கெல்லாம் கொடுக்கக் கூடாது என்றார்கள். ஆனால் அதே சட்டத்தில், வாகன விபத்து, ஓட்டுவதில் செய்த குற்றம், சாரதி அனுமதி செல்லுமா செல்லாதா என்பவை "சொந்த விபரம்" என்ற கணக்கில் சேராது என்றும் எழுதி வைத்தார்கள். அதாவது ஆள் எங்கே தூங்குகிறார் என்பது அந்தரங்கம். றோட்டில் என்ன செய்தார் என்பது அந்தரங்கம் அல்ல.

இங்கிலாந்தில் எம்.ஓ.டி. என்று ஒரு சோதனை இருக்கிறது. 1960இல் தொடங்கியது. மூன்று வயதான கார் ஒவ்வொன்றும் அங்கே வருஷத்துக்கு ஒரு முறை இந்தச் சோதனைக்குப் போக வேண்டும். இப்போது யார் வேண்டுமானாலும் ஒரு வாகனத்தின் எண்ணைக் கொடுத்து, அந்த வண்டியின் சோதனை வரலாற்றைப் பார்க்கலாம். காசு கிடையாது. எந்தத் திகதி சோதித்தது, பாஸா ஃபெயிலா, ஃபெயில் என்றால் எதனால், அன்றைக்கு வண்டி எத்தனை மைல் ஓடியிருந்தது என்று எல்லாம் வரும். மைல் கணக்கு வருஷா வருஷம் பதிவாவதால், மீட்டரைப் பின்னுக்குத் திருப்பி விற்கிற வேலையும் கஷ்டமாகிவிட்டது.

ஆனால் அங்கே எது வராது தெரியுமா? சொந்தக்காரரின் பெயர் வராது. விலாசம் வராது. அது மட்டுமல்ல, எந்த இடத்தில் சோதித்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டுமானால் அந்த வண்டியின் பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கம் வேண்டும். ஏனென்றால் சோதித்த இடம் தெரிந்தால், ஆள் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று ஊகிக்கலாம் அல்லவா? அவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள். வண்டியின் கதையைத் திறந்து வைத்து, வீட்டின் கதையை மூடி வைத்திருக்கிறார்கள். இதைத்தான் நான் கோடு என்று சொல்கிறேன்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

நமக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அரச அலுவலகங்களில் உள்ள தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையை இது இந்த நாட்டின் பிரஜைக்குக் கொடுக்கிறது. பிரஜை என்ற சொல்லைக் கவனியுங்கள். 1948இல் பிரஜாவுரிமை பறிபோனவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். மிச்சம் இருந்தவர்களுக்கும் அது கிடைக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்தோம். அவ்வளவு பாடுபட்டு வாங்கிய உரிமையை வோட்டுப் போடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கேட்பது எப்படி? சம்பந்தப்பட்ட திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். எழுத முடியாதவர் நேரில் போய் வாயால் சொன்னால், அந்த அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். "எதற்குக் கேட்கிறாய்?" என்று அவர் காரணம் கேட்க முடியாது. கொடுப்பதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள், அதே நிறுவனத்தில் அதற்கென்று நியமித்த மேல் அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அங்கேயும் சரிவராவிட்டால், இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

அதே சட்டத்தின் 5ஆம் பிரிவில் வேன்காரத் தம்பிக்கும் பாதுகாப்பு இருக்கிறது. பொது விஷயத்தோடு சம்பந்தமில்லாத ஒருவரின் சொந்தத் தகவலையும், அவருடைய அந்தரங்கத்தில் நியாயமில்லாமல் தலையிடும் தகவலையும் கொடுக்க மறுக்கலாம் என்று அது சொல்கிறது. ஆனால் அந்தத் தகவலை வெளியிடுவதில் பெரிய பொதுநலன் இருந்தால், அல்லது சம்பந்தப்பட்டவரே எழுத்தில் சம்மதித்தால் கொடுக்கலாம். இதற்குப் பிறகு 2022இல், ஆட்களின் சொந்தத் தரவுகளைப் பாதுகாப்பதற்கென்று 9ஆம் இலக்கச் சட்டமும் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஆகவே நம் நாட்டுச் சட்டமும் இரண்டு பக்கத்தையும் ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறது.

இதிலிருந்து ஒரு உபாயம் சொல்கிறேன். நீங்கள் தினமும் ஏறுகிற பஸ்ஸைப் பற்றிக் கேட்டு எழுதுவதானால், "இந்த பஸ்ஸின் சொந்தக்காரர் யார், எங்கே இருக்கிறார்" என்று கேட்காதீர்கள். அது உங்களுக்குத் தேவையில்லை. கேட்டால் உங்கள் கடிதம் அங்கேயே சிக்கிக்கொள்ளும். "இந்த எண்ணுள்ள பஸ்ஸைக் கடைசியாகத் தகுதிப் பரிசோதனை செய்த திகதி என்ன? சோதித்த இடம் எது? கண்ட குறைகள் என்ன? திருத்திய பிறகு மறுபடியும் சோதித்த திகதி என்ன?" என்று மட்டும் கேளுங்கள். அதில் யாருடைய அந்தரங்கமும் இல்லை. அது இரும்பையும் றப்பரையும் பற்றிய கேள்வி. அப்படிக் கேட்ட கேள்விக்கு "சொந்த விஷயம்" என்று பதில் சொல்வது கஷ்டம்.

ஒரு சந்தேகம் வரும். "பழைய குறையெல்லாம் வெளியே வந்தா, திருத்தின பிறகும் எங்க பேரு கெட்டுப் போகுமே" என்று வாகனக்காரர்கள் கேட்பார்கள். நான் சொல்வேன், கெடாது. ஜூன் மாதம் பிரேக்கில் குறை கண்டது, அதே மாதம் திருத்தி மறுபடி சோதித்தது என்று பதிவில் இருந்தால் அது அவருக்கு நற்சாட்சிப் பத்திரம். அந்த மனுஷன் குறையை மறைக்கவில்லை, செலவழித்துத் திருத்தியிருக்கிறார் என்றுதான் அர்த்தம். குறையே இல்லாத வண்டி உலகத்தில் இல்லை. குறை கண்டும் ஓட்டுகிற வண்டிதான் பயங்கரம். ஆனால் பார்க்கிறவர்களும் முழுவதையும் பார்க்க வேண்டும். ஃபெயில் ஆனதை மட்டும் சொல்லித் திரிந்து, பாஸ் ஆனதை விழுங்கிவிடக் கூடாது.

எல்லா வண்டிக்கும் ஒரே அளவா?

இல்லை. ஒரு தம்பி தன் மோட்டார் சைக்கிளில் தான் மட்டும் வேலைக்குப் போய் வருகிறார். அவருடைய தாளைப் பிடுங்கிப் பார்க்க நமக்கு உரிமை இல்லை. அதைப் பார்க்கப் பொலிஸ் இருக்கிறது. அதையே அவர் விற்கப் போனால், வாங்குகிறவருக்கு மட்டும் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளை, ஆட்களை ஏற்றுகிற வண்டி என்றால் கதை வேறு. அது கடை திறந்து வைத்த மாதிரி. வீட்டில் என்ன சமைக்கிறீர்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஹோட்டல் போட்டால் அடுப்படியைப் பார்க்க சுகாதாரப் பரிசோதகர் வருவார், வர வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லாமல் விட்டால் நான் ஒரு கண்ணுக்கு மட்டும் மை போட்டவனாவேன். தோட்டத்து லொறியிலும் ட்ரெக்டரிலும் நம் ஆட்களை ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு ஏற்றிச் செல்கிறார்கள். அதற்கும் இதே நியாயம்தான். லயத்துப் பிள்ளையிடம் தாளைக் கேட்கத் தைரியம் இருக்கிற நமக்கு, ஆபீசிடமும் மரியாதையாகக் கேட்கத் தைரியம் வேண்டும். தலைவர்மார் மாதாந்தக் கூட்டத்தில் இதை ஒரு விஷயமாக எடுக்கலாம். நானும் துரையிடம் எழுத்தில் கொடுக்கிறேன்.

இன்றைக்கே நாம் செய்யக்கூடியது

இங்கிலாந்தைப் போல எண்ணைக் கொடுத்தால் எல்லாம் தெரிகிற நாள் நமக்கும் வரலாம். அது வரும் வரை பிள்ளைகள் பாடசாலைக்குப் போகாமல் இருக்க முடியாது. ஆகவே ஒரு சிறிய ஏற்பாட்டை உங்கள் முன் வைக்கிறேன்.

பெற்றோர் சங்கத்தில் ஒரு கொப்பி வைப்போம். பிள்ளைகளை ஏற்றுகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம். அதில் எழுத வேண்டியவை: வண்டி எண், எத்தனை பேர் உட்காரலாம், வருமான அனுமதிப்பத்திரமும் இன்சூரன்சும் முடியும் திகதி, தகுதிச் சான்றிதழ் தேவையான வண்டி என்றால் அதன் திகதி, கடைசியாகப் பிரேக்கும் டயரும் பார்த்த திகதி, கண்ட குறை, திருத்திய திகதி. இவ்வளவுதான். சட்டம் கேட்காத வண்டியாக இருந்தாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு நல்ல பாஸ்காரரிடம் பிரேக்கைக் காட்டி ஒரு துண்டு வாங்கி வரும்படி வாகனக்காரத் தம்பிமாரைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு ஆகும் செலவில் ஒரு பங்கைப் பெற்றோர் சேர்ந்து கொடுப்பதும் நியாயம். பாதுகாப்பும் வேண்டும், கட்டணமும் கூடக் கூடாது என்று நாம் சொன்னால், அந்தப் பாரமும் பிரேக்கின் மேல்தான் விழும்.

அதில் எழுதக் கூடாதவை: சொந்தக்காரரின் விலாசம், கடன் விபரம், அடையாள அட்டை இலக்கம், குடும்ப விபரம். சாரதியின் அனுமதிப்பத்திரத்தைச் சங்கத் தலைவரும் செயலாளரும் கையில் வாங்கிப் பார்த்து, இந்த வகை வண்டி ஓட்ட அது செல்லுமா, திகதி முடியவில்லையா என்று மட்டும் கவனித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். படம் எடுக்கக் கூடாது. இளைஞர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். ஒருவருடைய தாளைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். ஒருமுறை போட்டால் திரும்பி வராது. மலையில் கொட்டிய கொழுந்தைக்கூட பொறுக்கிவிடலாம், போனில் கொட்டியதைப் பொறுக்க முடியாது.

கொப்பியை யார் பார்க்கலாம்? அந்த வண்டியில் பிள்ளையை அனுப்புகிற பெற்றோர் எவரும் பார்க்கலாம். வண்டி ஓட்டத்தை நிறுத்திக்கொண்டால், அந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். குறை கண்டால் முதலில் வாகனக்காரரிடம் நேரில் சொல்ல வேண்டும், திருத்த அவகாசம் கொடுக்க வேண்டும். பிரேக், ஸ்டியரிங், டயர் என்றால் மட்டும் அவகாசம் கிடையாது. திருத்தும் வரை பிள்ளைகளை ஏற்றக் கூடாது. வெளியூர் பஸ்கள் பற்றிய முறைப்பாடு என்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம்.

தாய்மாரே, கேட்கும்போது குரலைத் தாழ்த்திக் கேளுங்கள். "ஒன்ன நம்பாம கேக்கல தம்பி, பிரேக்க நம்பாமத்தான் கேக்குறோம்" என்று சொல்லுங்கள். தம்பிமாரே, கேட்டவுடன் முகத்தைச் சுருக்காதீர்கள். உங்கள் மேல் நம்பிக்கை இருப்பதால்தான் விடியற்காலையில் பனியோடு தங்கள் பிள்ளையைத் தூக்கி உங்கள் வண்டியில் ஏற்றுகிறார்கள். வண்டி உங்களுடையது, பிள்ளை அவர்களுடையது, றோட்டு எல்லோருடையது. உங்கள் வீட்டுக் கதையை யாரும் கேட்கவில்லை. வண்டியின் கதையைச் சொல்லுங்கள், போதும்.

இந்த ஏற்பாட்டில் திருத்தம் இருந்தால் இப்போதே எழுந்து சொல்லுங்கள். வாகனக்காரர்களுக்கு முதலில் பேச வாய்ப்புக் கொடுப்போம். கொப்பியை நான் வாங்கி வந்திருக்கிறேன். முதல் பக்கம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.